சிட்னியில் நல்ல வெயிலாம்

நோபல் பார்க்,
9 செப்டெம்பர் 1976

மகளின் அப்பாவுக்கு,

இங்கே காலையில் வெயில் எறித்தது. அதை நம்பி, நீங்கள் விட்டுப்போன கம்பளிச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். பத்து மணிக்கு ஆலங்கட்டி மழை. பன்னிரண்டுக்கு மறுபடி வெயில். செப்டெம்பர் வெயிலை யாராவது நம்புவார்களா என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

சிட்னியிலும் இதே குளிர்தான், பிள்ளைக்குத் தாங்காது, வெயில் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று எழுதினீர்கள். அதையும் நம்பினேன்.

ஞாயிறன்று மகளுக்குக் காய்ச்சல் கூடியதால், அவசரத்துக்கென்று நீங்கள் தந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். எடுத்தது ஒரு பெண். கல்யாணமாகிப் பதினொரு வருடமாக உங்கள் பெயரை வாயால் சொல்லாதவள், “அவர் நிக்கிறாரோ?” என்றுதான் கேட்டேன்.

“அவர் வெளியில கதிரை போட்டு வெயில் காயுறார். இஞ்ச நல்ல வெயில். ஆர் கதைக்கிறது?” என்றாள்.

அவளும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்லாமல் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

சட்டை காய்ந்தாலும் அனுப்ப மாட்டேன். அங்கேதான் நல்ல வெயிலாமே.

நேற்று ஒரு லோயரிடம் போனேன். கணவரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்