யன்னலுக்குக் கீழே நின்ற அம்புலன்ஸ்

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் உள்ள கராஜில் குளிர்கால ரயர்களை மாற்றக் காரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். புது ரப்பரின் மணம் அந்தச் சின்ன அறை முழுவதும் நிறைந்திருந்தது. சுவரில் இருந்த ரீவியில் சத்தமில்லாமல் செய்தி ஓடியது. மொஸ்கோவில் வெற்றி நாள் அணிவகுப்புக்கு ஒத்திகை. அகன்ற வீதியொன்றில் டாங்கிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. சில்லுகளைச் சுற்றி வெள்ளைப் பூச்சு, பக்கவாட்டில் சிவப்புச் சின்னம், மேலே தலையை வெளியே நீட்டியபடி ஒரு சிப்பாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வாசலில் நின்றபோது உன்னுடைய குரல்தான் கேட்டது.

"பாரு கா, ரோட்டுக்கு நோகாம ரப்பர் மாட்டி இரிக்கானுகள்."

அதை நீ சொன்ன இடம் மொஸ்கோவில், இந்த ரீவியில் காட்டியது போன்ற ஒரு வீதிக்கு மேலே, நாலாம் மாடியில், திரைச்சீலையின் ஒரு விரல் இடைவெளியில். வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த வசந்தகாலம் அது. அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். ஏழு ஆண்கள், நீ, நான். உனக்கு முப்பத்துநாலு வயது, எனக்கு முப்பது. சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு மெத்தையில் இரண்டு பேரும் படுத்தோம். எல்லோரும் கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போவதற்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். வீட்டுத் திறப்பும் எங்கள் பாஸ்போர்ட்டுகளும் ஒருவனிடம் இருந்தன. யாழ்ப்பாணத்தான். மொஸ்கோவிலேயே படித்து, ரஷ்ய மொழி நன்றாகப் பேசினான். எல்லோரும் அவனை மாஸ்டர் என்றார்கள். எல்லோருக்கும் அவர். உனக்கும் எனக்கும் மட்டும், தனியாகப் பேசும்போது, அவன். இன்றைக்கும் எனக்கு அவன்தான்.

நீ மட்டக்களப்பில் வீதி போடும் கந்தோர் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். உன் அண்ணனை வெள்ளை வானில் வந்தவர்கள் கடத்திக்கொண்டுபோன பிறகு, அடுத்தது நீ என்று பயந்து அம்மா உன்னை அனுப்பினா. எந்த வீதியைப் பார்த்தாலும் அது எப்படிப் போடப்பட்டது, எத்தனை வருடம் தாங்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியும். அதனால்தான் முதல் ஒத்திகையின்போது நாங்கள் எல்லோரும் டாங்கியின் சுடுகுழலைப் பார்க்க, நீ அதன் சங்கிலியைப் பார்த்தாய். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ரப்பர்த் துண்டு மாட்டியிருந்தது.

அன்றைக்கு மாஸ்டர் நல்ல குணத்தில் இருந்தான். தேத்தண்ணிக் கோப்பையோடு எங்கள் பின்னால் வந்து நின்று, திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கி, தன்னுடைய சொந்தப் படையைக் காட்டுகிறவன் போல விளக்கினான். பின்பக்கம் கட்டியிருக்கிற மரக்குற்றி, சேற்றில் புதைந்தால் சங்கிலிக்குக் கீழே போட. அந்தத் தடித்த குழாய், ஆற்றுக்கு அடியால் போகும்போது மூச்சுக்கு. அணியின் கடைசியில், எங்கள் யன்னலுக்கு நேர் கீழே, சுடுகுழல் இல்லாத ஒரு டாங்கி நின்றது. ஏதாவது பழுதாகி நின்றால் அது கட்டி இழுத்துக்கொண்டு போகுமாம். அதற்குப் பக்கத்தில் சிவப்புச் சிலுவை போட்ட பச்சை வான். "ஆராவது மயங்கினா டொக்டர் அதுக்குள்ளயே நிக்கிறார்," என்றான். "உவங்கள் ஒண்டையும் விடமாட்டாங்கள்."

அவன் போன பிறகு நீ திரைச்சீலையைப் பழையபடி இழுத்துவிட்டாய். பிறகுதான் சொன்னாய், நம்மட ஊரில் சனத்துக்கு மேலால் ஏறிப்போகிறார்கள், இங்கே ரோட்டுக்குச் செருப்புப் போட்டிருக்கிறார்கள் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து அடுத்த ஒத்திகை. அன்று விடிய உனக்கு வயிற்றுநோ தொடங்கியது. முதலில் தொப்புளைச் சுற்றி என்றாய். பத்து மணிக்கு வலப்பக்கம் கீழே இறங்கிவிட்டது. கால்களை நெஞ்சோடு மடித்துக்கொண்டு கிடந்தாய். உனக்கே தெரிந்திருந்தது. உன் மச்சாளுக்கு இப்படித்தான் வந்து குடல்வாலை வெட்டி எடுத்தார்கள், நேரம் போனால் உள்ளே வெடித்துவிடும் என்று சொன்னாய். நான் மாஸ்டரைக் கூட்டிவந்தேன். அவன் அறை வாசலிலேயே நின்றான்.

"ரோடு பூட்டியாச்சு. இண்டைக்கு டாங்கி போற நாள். அம்புலன்ஸ் வராது," என்றான்.

நீ தலையைத் தூக்கினாய். "டொக்டர் கீழ நிக்காரெண்டு நீங்கதானே சொன்னீங்க."

அவன் உன்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். யன்னலைத் திறந்து சத்தம் போட்டால் ஒன்பது பேரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் போய் இறங்கவேண்டும், அங்கே யார் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்றான். இரண்டு பரசிட்டமோல் தந்தான். போகும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனான்.

அன்று முழுவதும் பச்சை வான் அங்கேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளை மேலங்கிக்கு மேல் இராணுவச் சட்டை போட்ட ஒருவர் அதன் படியில் இருந்துகொண்டு சூரியகாந்தி விதை சப்பினார். இடைக்கிடை நிமிர்ந்து எங்கள் கட்டிடத்தைப் பார்த்தார். யன்னலின் கொளுக்கியை நான் இரண்டு முறை தொட்டேன். இரண்டு முறையும் கையை எடுத்துவிட்டேன். பின்னேரம் டாங்கிகள் உறுமிக்கொண்டு புறப்பட்டன, கட்டிடம் அதிர்ந்தது, கடைசியாக வானும் போனது.

இரண்டாம் நாள் நோ சட்டென்று குறைந்தது. நல்லது என்று நினைத்தோம். அது வெடித்ததால் வந்த ஆறுதல் என்று பிறகுதான் அறிந்தேன். மூன்றாம் நாள் உன் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வயிறு பலகை போல் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து, சாமியையும் கூப்பிடாமல், அம்மாவையும் கூப்பிடாமல், தெளிவாகச் சொன்னாய்: "அவன உட்டிராத கா."

மாஸ்டரும் இன்னொருவரும் உன்னைக் கம்பளியில் சுற்றிக் கீழே கொண்டுபோனார்கள். இரண்டு மணித்தியாலத்தில் அவன் திரும்பிவந்து, ஆஸ்பத்திரி வாட்டில் விட்டாயிற்று, ஊசி போட்டார்கள், சுகம் என்றான். அடுத்த நாள் காலை என்னை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டான்.

ரொறன்ரோவுக்கு நான் வந்துசேர ஏழு மாதம் எடுத்தது. அந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவர், உன்னைக் கீழே தூக்கிப்போன அந்த மற்றவர், சுவிசில் இருந்தார். அவருக்குப் போன் எடுத்தபோதுதான் முழுதும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கிவிட்டு உடனே காரைத் திருப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் விடிய நீ இறந்துவிட்டாய் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவர் பிறகு மாஸ்டருக்குச் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் அவனிடம் இருந்ததால் உனக்கு அங்கே பெயர்கூட இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. இதைவிட என்னை எரித்தது வேறொன்று. உன் அம்மாவுக்கு அவன் போன் எடுத்து, மகள் கனடா போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தான். ஏழு மாதமாக அம்மா, பிள்ளை வசதி வந்ததும் தன்னை மறந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தா. நீ இறந்த செய்தியை நான்தான் சொன்னேன். மாஸ்டர் சொன்னது, செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். யன்னலை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அவனும் குடும்பத்தோடு இங்கே வந்தான். முதல்முறை அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டேன். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அவனுடைய காரின் பின்னாலேயே ரூஜில் அவன் வீடு வரை போனேன். வீட்டு நம்பர் தெரியும். கராஜ் கதவின் நிறம் தெரியும். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறான் என்று தெரியும். ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டேன். வேறு நாடு, காகிதம் இல்லை, உடல் இல்லை என்று கையை விரித்தார். கோயிலில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்காகக் கும்பிட, நான் அவனுடைய அழிவைக் கேட்டுக் கும்பிட்டேன். அவனோ கோயில் சபையில் சேர்ந்தான், மேடைகளில் ஏறினான். யுத்தத்தின் கடைசி நாட்களில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர் என்று ஆட்கள் அவனை அறிமுகப்படுத்தத் தொடங்கினார்கள். நான் பின் வரிசைகளில் இருந்து கேட்டேன். காத்திருப்பதற்கு எனக்குக் களைக்கவில்லை. உனக்கு அது தெரியவேண்டும்.

ரயர் மாற்றிய அந்தக் கிழமையே அவனுடைய மகள் எனக்குப் போன் எடுத்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை, இருபத்தொரு வயதிருக்கும். அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள், அவர் கொண்டுவந்து சேர்த்த ஆட்களைத் தேடிப்பிடித்துப் பேசவைக்கப்போகிறாளாம், அவருக்குத் தெரியாமல். சுவிஸ்காரர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். "அன்ரி, ஜஸ்ட் த்ரீ மினிற்ஸ். அப்பா உங்களுக்குச் செய்த ஹெல்ப் பற்றி," என்றாள். வாறன் என்றேன்.

பேச்சைப் பதினொரு முறை எழுதினேன். பதினொன்றிலும் யன்னல் இல்லை.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். நான் மேடையேறி முதலில் உன் முழுப்பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். வீதி போடுகிறவள் என்று சொன்னேன். டாங்கிகளையும் பச்சை வானையும் பூட்டிய கதவையும் கம்பளியையும், உன் அம்மாவுக்கு அவன் சொன்ன பொய்யையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு மைக்கை நிற்பாட்டச் சொன்னார்கள் சிலர். நிற்பாட்டவேண்டாம் என்று மகள்தான் கையைக் காட்டினாள். அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்து, அப்பா, ட்ரூவா என்று கேட்டாள்.

அவன் பட்டுச் சால்வையோடு எழுந்தான். "அண்டைக்கு ரோடு பூட்டியிருந்தது," என்றான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே வசனம்.

"அம்புலன்ஸ் யன்னலுக்குக் கீழ நிண்டது," என்றேன்.

அப்போதுதான் அவன் என்னை உண்மையாகவே அடையாளம் கண்டான். "எனக்கு மற்ற எட்டுப் பேரையும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த எட்டில நீரும் ஒராள். யன்னல் உமக்குக் கிட்டத்தானே இருந்தது? நீர் ஏன் திறக்கேல்லை?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் தாளை மடித்தேன். இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆனால் ஓடினால் அவன் தப்பிவிடுவான்.

"ஓம். நான் திறக்கேல்லை, பயத்தில," என்றேன். "நீங்கள் பூட்டினீங்கள், நான் திறக்கேல்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளைச் சாகவிட்டனாங்கள். நான் என்ர பங்கைச் சொல்லிப்போட்டன். இனி நீங்கள் உங்கட பங்கைச் சொல்லுங்கோ."

அவன் மகளைப் பார்த்தான். சால்வை தோளில் இருந்து நழுவியது, பிடிக்கவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. உனக்காகவும் சேர்த்துப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அது எனக்கு இனித்தது.

கார் நிறுத்தும் இடத்தில் மகள் ஓடிவந்தாள். மை எல்லாம் அழிந்த முகம். "அன்ரி, நான் உங்களை நம்பித்தானே கூப்பிட்டனான். யூ குட் ஹாவ் டோல்ட் மீ," என்றாள். அவளுக்கு நான் செய்தது நியாயமில்லை. தெரிந்துதான் செய்தேன். அந்த மாலையில் நான் வெட்கப்பட்டது அந்தப் பிள்ளைக்கு முன்னால் மட்டும்தான்.

அதன் பிறகு அவன் கோயில் சபையில் இருந்து விலகிவிட்டான். வெளியே வருவதில்லை என்கிறார்கள். எனக்குப் போன் எடுத்துத் திட்டியவர்களும் உண்டு, நல்ல நாளில் இப்படிச் செய்யலாமா என்று. சுவிஸ்காரர், நான் சொன்னது அவ்வளவும் உண்மை என்று தன் குரலில் பதிந்து மகளுக்கு அனுப்பினார். ஒரு மாதத்துக்குப் பின் அவள் மறுபடி எடுத்தாள். அப்பா சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றாள். பிறகு, "இனிக் காணும்தானே அன்ரி? போதும்தானே?" என்று கேட்டாள்.

"காணாது பிள்ளை," என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் அம்மாவுக்கு எடுத்தேன். எண்பது தாண்டிவிட்டா, காது கொஞ்சம் மந்தம். மண்டபத்தில் நடந்ததைச் சொன்னேன். பிறகு, பதினாறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். பச்சை வான் கீழே நின்றதை, கொளுக்கியை இரண்டு முறை தொட்டதை, திறக்காததை.

"அவன் இன்னும் உசிரோட இரிக்கானா?" என்று கேட்டா.

இருக்கிறான் என்றேன்.

"இரிக்கட்டும். கனகாலம் இரிக்கட்டும்," என்றா. அவ்வளவுதான். போனை வைத்துவிட்டா.

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கனகாலம் அவனுக்கு மட்டும் விதித்ததா, எனக்கும் சேர்த்தா என்று நான் திருப்பி எடுத்துக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டு, காலையில் எழும்பி வேலைக்குப் போய்வருகிறேன்.