லிஃப்ட்காரரின் முகம்

மார்ச் 4, செவ்வாய்

‘படம் 6.3: இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம்’ – இந்த ஒரு வரியை இன்று நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக் கணக்குக்காரர் தலையை நீட்டினார். பாடநூல் அலுவலகத்தில் அவருக்குக் கணக்கு, எனக்கு அறிவியல். ஊர்வம்பு இருவருக்கும் பொது.

“என்ன சார், உங்க மச்சான் புக்கு சினிமாவா வருதாமே?”

உங்க மச்சான் புக்கு!

‘பொத்தான் இல்லாத மாடி’யின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதியவன் என்று என் பெயர் மேலே, மஞ்சள் வானத்தில் மஞ்சள் எழுத்தில். வரைந்தவன் என்று அவன் பெயர் கீழே, வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்தில். அட்டையை வரைந்தவனும் அவன்தானே.

சினிமா விஷயம் எனக்கே புதிது என்பதைக் காட்டிக்கொள்ளாமல், பேச்சு நடக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 5, புதன்

பென்சில் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. சின்ன வயதில் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பானாம். ஆளும் அப்படித்தான், சீவி வைத்தது போல. உறுதியானதும் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தானாம். கணக்குக்காரருக்கு மட்டும் கனவில் போய்ச் சொன்னானா?

மார்ச் 16, ஞாயிறு

படத்தின் இயக்குநர் வீட்டுக்கு வந்திருந்தார். இளம் பெண்மணி, மரியாதை தெரிந்தவர். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதன் பிறகு பென்சில் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் கடைசிவரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. நடிகர்கள் கிடையாது. அவன் போட்ட கோடுகளையே அசைய வைக்கப் போகிறார்களாம்.

அவர் கொண்டுவந்த பிரதி மேசைமேல் கிடந்தது. மூடிய புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தேன். படப் பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. எழுத்துப் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று, கடையிலிருந்து வந்த மாதிரியே. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் புத்தகம் அப்படிப்பட்டது. லிஃப்ட் இயக்குபவரின் மகள் ஒருத்தி. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும்வரை என் எழுத்து. கதவு திறந்தால், பொத்தானே இல்லாத ஒரு மாடி. அங்கிருந்து வெறும் படங்கள். பிறகு மறுபடி எழுத்து, மறுபடி படம். படம் காட்டுவதை எழுத்து சொல்லக்கூடாது, எழுத்து சொல்வதைப் படம் காட்டக்கூடாது – இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது என்ன? அவன் ஒரு படம் கொண்டுவருவான். நான் ஒரு பக்கத்தை அடித்து நீக்குவேன். என்றைக்காவது நான் ஒரு பத்தி எழுதி, அவன் ஒரு படத்தைக் கிழித்தது உண்டா? கடைசி அத்தியாயம் அப்படியே போயிற்று. அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசும் அத்தியாயம். நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான்.

போகும்போது இயக்குநர் சொன்னார்: “உங்க கதைக்கு வார்த்தையே தேவைப்படல சார். அதான் அழகு.”

மார்ச் 17, திங்கள்

வார்த்தையே தேவைப்படலையாம். அப்போ நான் எதுக்கு இருந்தேன்? பக்கம் நிரப்பவா?

ஏப்ரல் 2, புதன்

முதல் சுவரொட்டி வந்துவிட்டது. லிஃப்ட்காரரின் முதுகு. நீலச் சட்டை, தோளில் பித்தளைப் பட்டை, முகம் பொத்தான் பலகையைப் பார்த்தபடி.

அது என் அப்பாவின் முதுகு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? காப்பீட்டு அலுவலகக் கட்டடம் ஒன்றில் அப்பா லிஃப்ட் இயக்கினார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மேலே, கீழே, மறுபடி மேலே. நான் அதிகம் பார்த்தது அவர் முதுகைத்தான். கதையில் பையனைப் பெண்ணாக்கினேன், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று. கண்டுபிடிக்க யாரும் முயலவே இல்லை.

புத்தகம் முழுக்க முதுகு. கடைசிப் படத்தில் அவர் திரும்புகிறார். முழுப் பக்கத்துக்கு முகம். யார் முகம்? என் மாமனார் முகம். தொங்கு மீசை, நடுவில் பிளந்த புருவம், அச்சு அசல். முதுகு என் அப்பாவுக்கு, முகம் அவன் அப்பாவுக்கு. நல்ல பங்கு.

வரைவதற்கு முன் ஒருநாள் கேட்டான்தான். “அத்தான், உங்க அப்பா எப்படி இருப்பாரு? ஒரு போட்டோகூட இல்லையே. நீங்க சொன்னா போட்டுடுவேன்.” கடைசி அத்தியாயத்தை நான் அடித்தது அன்றைக்குத்தான், படம் வருவதற்கு முன்பே. “படம் உன் இலாகா. நான் சொன்னா ஒப்பந்தத்த மீறினதாயிடும்” என்றேன். சரியான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேண்டுமென்றால் இன்னொரு முறை கேட்டிருக்கலாமே.

மே 11, ஞாயிறு

என் காலமும் வந்தது. பேச்சே இல்லாத படத்துக்குப் பிள்ளைகள் வருவார்களா என்று தயாரிப்பாளருக்குப் பயம். பின்னணியில் ஒரு குரல் கதையைச் சொல்ல வேண்டுமாம். எழுதித் தருவீர்களா என்று இயக்குநரே கேட்டார், சங்கடத்தோடு. எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

எவ்வளவு எழுதுவீர்கள் என்று பென்சில் கேட்டான். குரலில் கவலை தெரிந்தது. தேவையான அளவு என்றேன்.

மே 25, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. கதவு திறந்தால் கதவு திறந்தது, மழை பெய்தால் மழை பெய்தது, அவள் தலையைத் திருப்பினால் அதற்கும் ஒரு வரி. ஒப்பந்தமா? அது புத்தகத்துக்கு. குரலும் நானே கொடுக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில், கணீரென்று இருக்கிறது சார் என்றார்கள்.

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து சோதனைக் காட்சி போட்டார்கள். நானும் பென்சிலும் கடைசி வரிசையில். லிஃப்ட் நடுவில் நின்றது, கதவு திறந்தது, பொத்தான் இல்லாத மாடி. லிஃப்டில் ஆட்கள் மறந்துவிட்டுப் போன குடைகள் எல்லாம் கூரையிலிருந்து விரிந்து தொங்குகின்றன. என் குரல், “அங்கே குடைகள் விரிந்து தொங்கின” என்றது.

முன்னால் ஒரு பெண் குழந்தை கேட்டது: “அந்த அங்கிள் ஏன் சொல்லிட்டே இருக்காரு? அதான் தெரியுதே.”

அரங்கமே சிரித்தது. அதன் பிறகு என் குரல் வந்தபோதெல்லாம் அத்தனை வாண்டுகளும் சேர்ந்து, அதான் தெரியுதே, அதான் தெரியுதே என்று ராகம் போட ஆரம்பித்துவிட்டன. ஆசிரியை அதட்டியும் அடங்கவில்லை.

பென்சில் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஜூன் 15, ஞாயிறு

படம் 6.3, இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம். படம் 6.4, குடைகளின் தொங்கு தோற்றம். இத்தனை வருடப் பழக்கம், விடுமா?

ஜூன் 20, வெள்ளி

குரலை எடுத்துவிட்டார்கள். முழுசாக. இயக்குநர் போனில் மிகவும் வருத்தப்பட்டார். அவரை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மனைவியோடு சண்டை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் தம்பி புராணம். பொறுக்க முடியாமல், உன் தம்பிக்குக் கோடு இழுக்கத்தான் தெரியும், கதை நான் போட்ட பிச்சை என்று வாயை விட்டுவிட்டேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஒரே ஒரு தடவ, நல்லா போட்டிருக்கேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா? நீங்க சொல்லுவீங்கன்னுதான ஒவ்வொரு படத்தையும் மொதல்ல இங்க தூக்கிட்டு வந்தான்.”

சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? ஊரே சொல்லுது, நான் ஒருத்தன் சொல்லலைன்னா குறைஞ்சா போயிடுவான்?

நல்லா இருந்துச்சு. அதான வயித்தெரிச்சல். மோசமா போட்டிருந்தா தட்டிக் குடுத்திருப்பேன், தோள்ல கை போட்டிருப்பேன். அந்தக் கடைசி முகத்தைக் கொண்டுவந்து மேசைமேல வச்சப்போ – என் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு முகத்துல இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்? தாள் மட்டமா இருக்கே, வேற கிடைக்கலையான்னு கேட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். மகன் வீட்டுக்குப் படி ஏற முடியாதாம். பேர் அங்கே, பெரியவர் இங்கே. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், இன்றைக்கும் யார் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி, “எங்கேருந்து எங்க?” சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. புத்தகம் அச்சாகி வந்தபோது தடவிப் பார்த்து, கனமா இருக்கே என்றதோடு சரி. கடைசிப் பக்கத்தில் இருப்பது தன் முகம் என்று அவருக்குத் தெரியாது. மகனுக்குச் சொல்ல வெட்கம். மகள், அப்பா அழுதுவிடுவார் என்றாள். நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

இன்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: “மாப்ள, படத்துக்கு நானும் வர்றேன். பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு காதுல சொல்லிட்டே வாங்க. நீங்கதான் எல்லாத்தையும் ஏற்கெனவே எழுதி வச்சிருக்கீங்களாமே.”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

தூக்கியெறிந்த என் வரிகளுக்கு ஒரு காது கிடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு யோசனை வந்திருக்கிறது. இருட்டு அரங்கம். அவர் காதில் நான் சொல்வதுதான் அவருக்குப் படம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? லிஃப்ட்காரர் திரும்பும்போது நான் என் அப்பாவைச் சொல்வேன். பெரிய காது, சிரித்தால் மூடிக்கொள்ளும் இடக்கண், மோவாயில் தழும்பு. உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்காவது அது என் அப்பாவின் படமாக இருக்கட்டும். அதுவும் எந்த ஆளுக்கு!

காலையிலிருந்து நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி, உடம்புக்கு என்ன என்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. போய்வந்தோம். மாமனார் நடுவில், நான் வலப்பக்கம், பென்சில் இடப்பக்கம், அவனுக்கு அப்பால் அவன் அக்கா.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே முன்னாலிருந்த ஒருவர் திரும்பி உஷ் என்றார். மாமனார் விடவில்லை. “கண்ணு தெரியாதவனுக்குச் சொல்றாருப்பா. உனக்குத்தான் தெரியுதுல்ல, நீ பாரு.” அந்த ஆள் திரும்பவே இல்லை.

எழுதி வைத்தது எதுவும் உதவவில்லை. குடைகள் விரிந்து தொங்குகின்றன என்றேன். எல்லாம் கறுப்பா, பொம்பளைங்க குடையும் இருக்கா, தண்ணி சொட்டுதா என்று கேட்டார். நன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஒரே ஒரு குடை மட்டும் சொட்டுகிறது. இப்போதுதான் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகத்திலும் அது இருந்திருக்க வேண்டும். இத்தனை நாள் நான் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. லிஃப்ட் கீழே வந்து நிற்கிறது. கதவு திறக்கவில்லை. மகள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தயாராக இருந்தேன். பெரிய காது, இடக்கண், தழும்பு. தோள் அசைந்தது. அவர் திரும்பினார்.

திரை முழுக்க மாமனார். தாளில் பார்த்தது வேறு; இது மூச்சு விட்டது. மீசை லேசாக அசைந்தது. பிளந்த புருவம் உயர்ந்து, எங்கேருந்து எங்க என்று கேட்கப் போவது போல – பெற்ற பிள்ளையைப் பார்த்தால் ஒரு மனிதன் முகம் எப்படியாகுமோ அப்படி ஆயிற்று. யாருடைய அப்பாவாக இருந்தால் என்ன, அந்த முகம் என்னைத்தான் பார்த்தது.

“ஏன் நிறுத்திட்டீங்க மாப்ள? படம் ஓடலையா?”

“ஓடுது மாமா.”

“திரும்பிட்டாரா? எப்படி இருக்காரு?”

“உங்கள மாதிரி இருக்காரு. நீங்கதான் மாமா அது. உங்க மூஞ்சியத்தான் போட்டிருக்கான்.”

மாமனார் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், பிறகு புருவத்தை. இருட்டில் அவர் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

“நல்லா போட்டிருக்கானா?”

“ரொம்ப நல்லா போட்டிருக்கான்.”

அந்தப் பக்கம் இருந்தவனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

“உங்க மச்சான் படம் பாத்தேன் சார்” என்றார் கணக்குக்காரர். எங்க படம் என்றேன். அந்த முகம் யாருடையது என்று கேட்டார். எங்கள் மாமனாருடையது என்று சொல்லிவிட்டு, இன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பென்சில் வந்தான். கையில் வெள்ளைத் தாள், நல்ல தாள். புது வேலை ஒன்றும் இல்லையாம், சும்மா வந்தானாம். அக்கா கொடுத்த காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு, “அத்தான், அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்ல” என்றான்.

காது பெருசு என்றேன்.

போட்டான்.

இன்னும் பெருசு.

நாலு கோடுதான் இழுத்திருப்பான். பாவி, எங்கிருந்துதான் அந்தக் கை வந்ததோ. இடக்கண் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.