ஈரத் துணியில் ஒட்டிய எழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாவேதான். யாரையும் எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. குடோனில் மூட்டை தூக்கிப் பழகிய கைக்குப் பேனா ரொம்ப லேசு. எங்கே நழுவிவிடுமோ என்று அழுத்திப் பிடிக்கிறேன். தாளைத் திருப்பித் தடவிப் பார், எழுத்தெல்லாம் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். சில வரிகள் மேட்டில் ஏறும், சில வரிகள் பள்ளத்தில் இறங்கும். நீதான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

நானும் உன் அம்மாவும் நலம். மாலை வகுப்பில் என்னை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறும்முன் யாரையும் கேட்பதில்லை. சோப்பு உறை, மருந்துப் புட்டி, கடைப் பலகை, ஒன்றையும் விடுவதில்லை. நேற்று நடந்து வரும்போது "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்பதை உரக்கப் படித்தேன். அங்கே வண்டியை நிறுத்தியிருந்தவர் பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனார். உன் அம்மா தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வந்தாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் சிவப்புப் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். அதனால் பிழை இருந்தால் அது அவள் பிழை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கிட்டார் ஆம்ப், அந்தச் சத்தப் பெட்டி, உனக்குத் தெரியும். உனக்கு முன்னால் என் தோளில் ஏறிய பிள்ளை அது. அதை மண்டபத்துப் படிக்கட்டில் தூக்க அவள் ஆள் தேடியபோதுதான் உன் அம்மாவை நான் முதலில் பார்த்தேன். கொஞ்ச காலமாகவே அதன் சத்தம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூசியாக இருக்கும் என்று பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள், சின்னது மூன்று, பெரியது இரண்டு. அவற்றின்மேல் ஏதோ எழுதியிருக்கும் என்று தெரியும், என்ன என்று தெரியாது. இப்போதுதான் படிக்க வந்துவிட்டதே, இதையும் படித்துவிடலாம் என்று ஆசை. சின்ன மூன்றையும் வெளியே எடுத்து, எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று ஈரத் துணியால் துடைத்தேன். பழைய வால்வின் எழுத்து வெறும் மைதானாம். துணியோடு வந்துவிட்டது. எது எந்தக் குழியில் இருந்தது என்பதும் தெரியாமல் போயிற்று.

"படிக்கக் கத்துக்கிட்டது போதாதுன்னு அழிக்க வேற ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். அந்த மூன்றையும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய வால்வுகளிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டுப் பொறுக்கியவள் அவள். நானும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய குரல் திரும்பவில்லை என்கிறாள். ரேடியோ கடைக்காரரை நினைவிருக்கிறதா, எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மூச்சை இழுத்து விடுவாரே, பெருமூச்சு என்று நீதானே பேர் வைத்தாய்? அவர் வால்வைச் சோதிக்கிற கருவியில் வைத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "கருவிக்கு என்ன தெரியும்?" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், கவனமாகப் படி. கிட்டார் ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் சின்ன வால்வுதான் முக்கியம். அது என்ன சொல்கிறதோ அதைத்தான் மற்றவை பெரிதாக்கிச் சொல்லும். முதல் ஆள் முணுமுணுத்தால் கடைசி ஆளும் முணுமுணுப்பான். அதனால் பன்னிரண்டு ஏஎக்ஸ் ஏழு என்று அதன் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கு. எண் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி குரல் வேறு, ஆகவே வெவ்வேறு கம்பெனியாக எடு. பழைய சரக்கு, பெட்டி பிரிக்காதது, கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய வால்வு இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் எந்த மாதிரிச் சத்தம் வேண்டும் என்று கேட்டால் இதைச் சொல்: கண்ணாடி டம்ளர் விளிம்பில் ஸ்பூன் பட்டால், சத்தம் அடங்கிய பிறகும் மெல்லிசாக ஓர் இழை நிற்குமே, அது வேண்டும். இப்போது அந்த இழை இல்லை. "கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்குடி" என்று எழுதச் சொல்கிறாள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அடுத்த மாதக் கடைசியில் மண்டபத்தில் அம்மா தனியாக வாசிக்கிறாள். இத்தனை வருஷம் பாடகருக்குப் பின்னால், டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவள். இந்த முறை மேடை நடுவில் அவள் மட்டும். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அவள் பேரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெரிய எழுத்து. படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். போகிறவர்கள் நான் ஏதோ நீளமான கதை படிப்பதாக நினைத்திருப்பார்கள்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. கெட்டில் மறுபடி அடி தீய்ந்துவிட்டது. அதன் விசில் கெட்டுப்போய்விட்டது என்று அம்மா சொன்னதால் புதிதாக ஒன்று வாங்கினேன். படிப்பு வந்ததிலிருந்து நான் வாய்க்குள்ளேயே பேசுகிறேனாம், "தெளிவாப் பேசுங்க" என்று தினமும் திட்டு. திட்டட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வால்வுக்குக் காத்திருக்கும்,
அப்பா

*

என் கண்ணே,

இதில் பிழை நிறைய இருக்கும். இதை அம்மா திருத்தவில்லை. நான் இதை எழுதுகிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது. பெருமூச்சின் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பேனா அவருடையது. இங்கே மேசைக்கு ஒரு கால் ஆட்டம், எனக்குக் கை ஆட்டம். எந்த எழுத்து எதனால் ஆடியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீ அனுப்பிய பார்சல் உடையாமல் வந்தது. பெட்டியின்மேல் "கண்ணாடி, கவனம்" என்று நீ கையால் எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவிப் படித்தேன். உன் கையெழுத்தை நான் படித்தது அதுதான் முதல் தடவை.

உடனே மாட்டிப் பார்த்தோம். முதலில் மாட்டிய வால்வு என் காதுக்கு மணி மாதிரி இருந்தது. "கம்பளி" என்றாள் அம்மா. அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, அடுத்ததை மாட்டினோம். "கம்பளி." கடைசியாக மாட்டியது கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை, எனக்குப் பல் கூசிற்று. அதற்கு அவள் கொஞ்சம் தலையாட்டினாள். "இது பரவால்ல, இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே கூர்மைச் சத்தத்தைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருப்பினாள். மேல்மாடி வீட்டுக்காரர் தரையில் கட்டையால் இடித்தார். "பாருங்க, அவங்ககூட ரசிக்கிறாங்க" என்றாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அதே வால்வோடு, அதே குமிழோடு, சனிக்கிழமை மண்டபத்தில் வழக்கம்போல் பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தாள். முதல் பாட்டிலேயே முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதது. அம்மா கண்ணை மூடிக்கொண்டுதானே வாசிப்பாள், அதனால் பார்க்கவில்லை. மண்டபத்து மேனேஜர் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். "அண்ணே, தனி நிகழ்ச்சிக்கு இப்படியே விட முடியாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். ஆம்பில்தான் கோளாறு, வால்வு மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். "அப்ப மாத்துங்க" என்றார். அப்போதுகூட நான் சொன்னதை நானே நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று பெருமூச்சை வீட்டுக்கு அழைத்துப் போனேன். வால்வுக்குள் ஏதாவது தளர்ந்திருந்தால், ஆம்ப் ஓடும்போது அதைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்குமாம். ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலில் தட்டிய இரண்டும் வெறும் 'டொக்'. மூன்றாவதைத் தட்டியதும் 'கீங்' என்று ஒரு சத்தம், ஊசி மாதிரி, அடங்காமல் இழுத்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஸ்பீக்கரில் முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த உன் அம்மா, "ம், தட்டுங்க" என்றாள்.

"தட்டிட்டேன் அண்ணி" என்றார்.

"எப்போ? ஒண்ணும் கேக்கலையே. கண்ணாடின்னு பயப்படாதீங்க, நல்லாத் தட்டுங்க" என்றாள்.

அவர் மறுபடி தட்டினார். அந்த ஊசி மறுபடி அறை முழுக்கப் போயிற்று. அவள் தலையைச் சாய்த்து, நல்ல செய்திக்குக் காத்திருக்கிறவள் மாதிரி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பெருமூச்சே விடவில்லை.

பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "மூணாவது கொஞ்சம் சந்தேகமா இருக்கு அண்ணி, மாத்திடலாம்" என்றார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று உன் அம்மா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்லதாக ஒன்று அனுப்பச் சொல்லி உனக்கு உடனே எழுதச் சொல்லியிருக்கிறாள்.

கீழே இறங்கும்போது படியில் நின்று அவர் சொன்னார்: "அண்ணே, மூணாவது 'கீங்'னு பாடுறது உண்மைதான், அதைக் கழட்டிடலாம். ஆனா அண்ணி சொல்ற கோளாறு அது இல்ல. ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. நீங்க துடைச்சதுல ஒண்ணும் கெடல." இத்தனை நாளாக அந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன், கண்ணே. கிடைத்தபோது வேண்டாம் என்று இருந்தது. கெடுத்தது நான்தான் என்று சொல்லுங்கள், என் துணிதான் கெடுத்தது என்று சொல்லுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. புதுக் கெட்டிலின் விசில் நன்றாகத்தான் இருக்கிறது. நான் தெருவில் வரும்போதே கேட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் வாய்க்குள் பேசுகிறேன் என்று அவள் சொல்வது பின்னாலிருந்து பேசும்போது மட்டும்தான். முகத்தைப் பார்த்துப் பேசினால் சொல்வதில்லை. நான் துடைப்பதற்கு முன்னாலேயே மந்தம் என்று சொன்னவள்தானே அவள். இவ்வளவும் என் கண் முன்னால் இருந்தது. பலகையையும் போஸ்டரையும் படித்துக்கொண்டு திரிந்தேனே தவிர இதைப் படிக்கவில்லை.

இன்று காலையில் சொல்லிவிடுவது என்று அவள் எதிரில் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னும் எதையாவது துடைச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன். இதை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

அந்தத் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மை அதில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. அவள் என்னைத் திட்டுகிற வரைக்கும் குற்றம் அந்தத் துணியில் இருக்கிறது. திட்டுவதை நிறுத்தினால் அது எங்கே போகும்? தனி நிகழ்ச்சியன்று கடைசிப் பாட்டு முடிந்ததும் அவள் கண்ணைத் திறப்பாள். காதுக்குத் தெரியாதது அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன்வரிசை காலியாக இருப்பதை அவள் மேடையில் தனியாக நின்று பார்க்கக் கூடாது. அதற்கு முன்னால் யாராவது சொல்லியாக வேண்டும். மேனேஜர் வாயால் வரக் கூடாது.

காதுக்குள் வைக்கிற சின்னக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றனவாம். "அதுவும் ஒரு ஆம்ப்தான் அண்ணே. எது பொருந்தும்னு ஒண்ணொண்ணா வச்சுப் பாத்துத்தான் எடுக்கணும், அதுல அண்ணிய மிஞ்ச ஆள் இல்ல" என்கிறார் பெருமூச்சு. டாக்டரிடம் போகலாம் என்று நான் கூப்பிட்டால் வர மாட்டாள். "வால்வைத் துடைச்சவர் இப்ப என் காதையும் துடைக்கப் பாக்குறீங்களா?" என்பாள். நீ கூப்பிட்டால் வருவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த ஆம்பின்மேல் உட்கார்ந்துதானே அவள் வாசிப்பதைக் கேட்பாய்? உன் பேச்சைத் தட்ட மாட்டாள்.

அதனால் வால்வைப் பார்சலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், லீவு கிடைக்காது என்றும் தெரியும். கெஞ்சித்தான் கேட்கிறேன். வந்து உன் கையாலேயே அதை மாட்டு. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு "இன்னும் கம்பளிதான்" என்று சொல்லும்போது நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு. கையைப் பிடித்துக்கொள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். பேசுவது நீயாக இரு.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நான் வேண்டிக்கொள்வதெல்லாம் இப்போது இது ஒன்றுதான்.

அடுத்த வாரமும் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை அம்மா திருத்தியிருப்பாள். ஒரு பிழையும் இருக்காது. எல்லோரும் நலம், வால்வை மட்டும் அனுப்பு, நீ சிரமப்பட்டு வர வேண்டாம் என்று அதில் இருக்கும். அதை நம்பாதே, கண்ணே. பிழையோடு இருக்கிற இந்தக் கடிதத்தை நம்பி வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா