மரபணுவை நிறுத்திய புரதமும் நீங்களும்

இன்று காலை வில்லாபுரத்தில் எங்கள் தெருச் சாக்கடையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்த அழுகல் நாற்றத்தில் உங்கள் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். புரதம் கெடாமலிருக்க ஆய்வகத்தில் நாம் ஊற்றிய மருந்தும் இப்படித்தான் நாறும்.

எண்பதுகளின் தொடக்கம். நீங்கள் துறைத்தலைவர், நான் உங்களிடம் ஆய்வு மாணவி. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நச்சுக்கொடியை ஐஸ் பெட்டியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவருவேன். அதன் செல்களை உடைத்து, உட்கருவிலுள்ள புரதங்களைப் பிரிப்பது என் வேலை. அவை எதற்கு என்று கேட்டதற்கு, "சாக்குப்பை மாதிரிம்மா. டி.என்.ஏ.வச் சுருட்டி வைக்கும், அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

ஒரு புரதம் அம்புட்டுத்தான் இல்லை. சோதனைக் குழாயில் அதைச் சேர்த்தால் ஒரு மரபணு மட்டும் படியெடுக்கப்படாமல் நின்றது. நீக்கினால் மறுபடி தொடங்கியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகே துறைக் கூட்டத்தில் சொன்னேன். சோதனை முடிவுப் படங்களைப் பார்க்க நீங்கள் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

"டியூப ஒழுங்காக் கழுவும்மா. வீட்ல பாத்திரம் கழுவுனதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அத்தியாயத்தை நீக்கினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றீர்கள். கூட ஆய்வு செய்த ஜபார், "அக்கா, எடுத்துட்டுப் பட்டத்த வாங்கிட்டுப் போங்க. அவரு மாறமாட்டாரு" என்று கெஞ்சினான். நான் எடுக்கவில்லை. கிடைக்கவிருந்த வேலை கைவிட்டுப் போனது. வீட்டில் பேச்சு வாங்கினேன். பிறகு வெளிநாட்டு ஆய்விதழ்களில் அதே மாதிரிப் புரதங்களைப் பற்றிக் கட்டுரைகள் வரத் தொடங்கின. உடனே உங்கள் பேனாவில் மை ஊறி, ஆய்வேட்டில் கையெழுத்து விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சென்னையிலிருந்து ஆட்கள் வந்திருந்த கருத்தரங்கில் என் படங்களைத் திரையில் போட்டு, "இது இப்படித்தான்னு நான் அப்பவே ஊகிச்சேன்" என்றீர்கள்.

நான் எழுந்தேன். "சார், அந்தப் புரதத்த எடுத்துட்டா மரபணு என்ன ஆகும்?"

உங்களுக்குத் தெரியவில்லை. "நீயே சொல்லும்மா" என்று இளித்தீர்கள்.

"உங்க கண்டுபிடிப்பு சார். நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள்.

போன மாதம் உங்களுக்கு மாலை போட வந்தேன். "எம்புட்டுப் பெரிய மனுசரு" என்று பக்கத்தில் ஒருவர் தேம்பினார். எனக்குக் கண் கலங்கவில்லை. அந்தப் புரதத்தின் மேல் எனக்கிருந்த பிரியம் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் மேல் அன்றைக்கு வராத மரியாதை, நீங்கள் செத்த பிறகும் வரவில்லை.