உன் அம்மா வெறுந்தலையோடு மலை இறங்கியது

அரியூர் நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருடம், ஆவணி மாதக் கடைசி

அன்பு மகள் பாவாயிக்கு அப்பா சென்றாயன் எழுதிக்கொண்டது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் செங்கோடன் குடும்பமும் தொழுவத்து மாடுகன்று முதற்கொண்டு சுகமாக இருக்கிறோம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பழகும் நீ, உன் சுகத்தை நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்பது வரை விவரமாக எழுதவும், உன் அம்மா அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பாள். மழை இந்த வருடம் ஏமாற்றவில்லை, சாமை பச்சென்று நிற்கிறது, மிளகுக் கொடியும் சரம் விட்டிருக்கிறது, பலாவில்தான் கரடி தின்றது போக மீதி நமக்கு.

அம்மாவின் கால் விஷயமாக நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. முடிவை இங்கேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பதறாமல் படி. ஆனி மாதம் அவள் இறக்கத்தில் கால் மடங்கி விழுந்ததையும், அடிவாரத்து டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்து, கால் துள்ளவில்லையே, முதுகெலும்புக்குள் நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, போகப்போக நடை நின்றுவிடலாம் என்று சொன்னதையும் முன்பே எழுதியிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. இந்த மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க முடியாதவள் எப்படிக் காலம் தள்ளுவாள், காட்டை உன் அண்ணனிடம் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போய்க் குடிசை போட்டுக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்தேன். அவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாளிலிருந்து பொழுது சாயும் நேரம் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பள்ளம் வரைக்கும் இறங்கி ஏறி வர ஆரம்பித்தாள். ஏன் பெருமாயி உனக்கு இந்த வேலை என்றால், இருக்கற காலை வெச்சு நடக்கறனுங்க, உங்களுக்கு என்ன போச்சு என்று என் வாயை அடைத்துவிடுவாள். ஆடியில் மறுபடி டாக்டரிடம் காட்டினோம், மறுபடியும் கால் துள்ளவில்லை.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அதில் நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அம்மா தலையில் என்ன வைத்துக்கொண்டு மலை இறங்கினாள் என்று கேட்டிருந்தாய். பெற்றவளுக்குக் கால் போகிறது என்று எழுதினால் இவள் சுமையை விசாரிக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நம் மலையில் வெறுந்தலையோடு இறங்குகிறவர் யார், முதல் தரம் ஒரு கூடைப் பலாப்பழம், அடுத்த தரம் வாழைத்தார், சந்தையில் போட்டுவிட்டு நேரே டாக்டர் வாசலுக்குத்தான் போனோம். பளுவான வேலை ஏதாவது செய்தாயா என்று அவர் கேட்கத்தான் கேட்டார். இல்லீங்க சாமி, சும்மாத்தான் வந்தனுங்க என்றாள் இவள், பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொய்யில்லை கண்ணு, சுமையோடு இறங்குவதை வேலை என்று இங்கே யார் நினைத்தார்கள்.

உங்கள் பெரிய டாக்டரம்மா சொன்னதாக நீ எழுதியிருந்ததை நான் நாலு தரம் படித்துத்தான் அவளுக்குச் சொன்னேன். தட்டினால் கால் துள்ளுவது நாம் நினைத்துச் செய்வதல்ல, தொடைத் தசை இழுபட்ட சேதி முதுகுத் தண்டுக்குப் போய் அங்கே இருக்கும் நரம்பு உடனே கொடுக்கிற உத்தரவு, இறக்கம் முழுவதும் சுமையைத் தாங்கிப் பிடித்தே வந்த தசை களைத்துப்போனால் அந்தச் சேதி மங்கிவிடும், போதும் அடங்கு என்று முதுகுத் தண்டு நரம்பையும் அந்தக் களைப்பு அமர்த்தி வைக்கும், நல்ல ஓய்வு கொடுத்தால் சில நாளில் பழையபடி ஆகிவிடும் என்று. அவளுக்கு நான் சொன்னது வேறு மாதிரி, நாளெல்லாம் உழுத மாடு தார்க்குச்சியைக் கண்டும் அசையாமல் நிற்கிறதல்லவா, அதுதான் இது என்றேன். என்னை மாடுங்கறீங்களா என்று ஒரு சண்டை. ஆனாலும் நோவே இல்லை என்று இத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியாது, ஓய்வுக்குப் பிறகு அதே டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

நீ சொன்னபடியே அவளை வெறுந்தலையோடு இறக்கினேன். அடிவாரத்தில் நம்மிடம் வழக்கமாக மிளகு வாங்கும் ஜமால் முகமது ராவுத்தர் வீட்டில்தான் தங்கல். வெறுங்கையோட போயி அவுங்க ஊட்டு வாசல்ல எப்படி நிக்கறதுங்க என்று வழியெல்லாம் புலம்பல், பாதி இறக்கத்தில் பார்த்தால் மடியில் அவரைக்காயை முடிந்து வைத்திருக்கிறாள். ராவுத்தர் சம்சாரம் சலீமா நல்ல மனுஷி, இவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி, உக்காருங்கக்கா என்று அதட்டி, ஒரு நாலைந்து நாள் காலைத் தரையில் ஊன்றவிடவில்லை.

பிறகு டாக்டரிடம் போனோம். உன் கடிதத்தைக் காட்டலாமா என்று எனக்குத் தயக்கம், அவரே வாங்கிப் பொறுமையாகப் படித்தார், சுமையைச் சொல்லவே இல்லையே அம்மா என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், ஊசியால் பாதத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார், உயரமான பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்துச் சுத்தியை எடுத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை கண்ணு. தகரம் உருளும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன், இவள் கால் துள்ளி முன்னால் இருந்த தண்ணீர்ச் சட்டியை உதைத்துத் தள்ளியிருக்கிறது. நானா உதைக்கலீங்க சாமி, அதுவாப் போச்சுங்க என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள். மறுகாலும் அப்படியே துள்ளியது. நரம்பு நன்றாக இருக்கிறது, களைப்புதான், அதில்தான் கால் மடங்கியிருக்க வேண்டும், கொஞ்ச நாள் சுமை தூக்காதே என்றார் டாக்டர். தினம் ஆற்றுப் பள்ளம் வரை அவள் நடந்ததை நான் சொன்னதும், நடை போய்விடும் என்று சொல்லியும் எதற்காக அப்படி நடந்தாய் என்று அவளைக் கேட்டார். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னாள். எம்புள்ள பட்டணத்துல இருக்குதுங்க, கால் போறதுக்குள்ள ஒருக்கா நடந்தே போயிப் பாத்தரோணும்னு பழகுனனுங்க என்றாள். உன்னை அனுப்புவதற்கு ஊரே என்னை ஏசியபோது போகட்டும் என்று முதலில் சொன்னவள், ஒரு நாளும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாதவள். அந்த இடத்திலேயே நான் அழுதுவிட்டேன், டாக்டர் இருப்பதுகூட நினைவில்லை.

சாமை அறுப்பு முடிந்ததும் சேலத்தில் ரயிலேறி அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ அங்கே நல்ல பேர் எடுத்து, நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க நாங்கள் இருவரும் எட்டுக்கை அம்மனை வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, அம்மா வந்து இறங்கியதும் கடலைக் காட்டுகிறேன், கடைவீதியைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு சுற்றாதே. அவள் பார்க்க வருவது உன்னைத்தான், முதல் இரண்டு நாள் உன் மடியில் காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்காரட்டும்.

இப்படிக்கு உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
சென்றாயன்