மலையவிட ஒசரம்

அந்த மஞ்சள் ரவிக்கைத் துணியை இன்று பிரித்தேன். யார் வீட்டு வளைகாப்புத் தாம்பூலத்திலோ உனக்கு வந்தது. "இந்தக் கலர்ல எவ சட்டை தைப்பா, கண்ணாடியச் சுத்தி வையி" என்று என்னிடம் தந்தாய். உள்ளே நம் கேமரா ஃபில்டர் பத்திரமாக இருக்கிறது. மேல்பாதி கருப்பு, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடி, நடுவில் கருப்பு மெல்லக் கரைந்துவிடும். நீ போனபிறகு நான் கேமராப் பையைத் திறக்கவே இல்லை. திறக்க வைத்தது உன் மகள்.

காலையில் போன் செய்தாள். "சித்தி, அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு வேணும். மாட்டுறதுக்கு ஆதார் கார்டு படந்தான் இருக்கு. உங்ககிட்ட நிறைய இருக்கும்ல?" இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எத்தனை சாயங்காலம் ஒன்றாகச் சுற்றியிருக்கிறோம், இல்லாமலா போகும்? கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சூரியன். ஒன்றிலும் நீ இல்லை.

எப்படி இருப்பாய்? கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் அல்லவா நின்றாய்! அதை மாட்டும் சட்டம் நம் லென்ஸில் பொருந்தவில்லை. "அதுக்கொரு சட்டம் எதுக்குத்தா, என் கைக்கு என்ன கேடு?" என்று லென்ஸுக்கு முன்னால் நீயே பிடித்துக்கொண்டாய். நம் ஊரில் வானம் தகதகவென்று இருக்கும்போதே மலையடிவாரம் இருட்டிவிடும். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால் வயல் கரியாகும், வயலுக்கு ஏற்றபடி எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். கருப்புப் பாதி வானத்தை மட்டும் அடக்கிவைத்தால் இரண்டும் கிடைக்கும். இதை நான் நீட்டி முழக்கி விளக்கியபோது, "வானத்துக்குக் கூலிங் கிளாஸ்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாய்.

ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜை நமக்கு. வேலை விட்டதும் உன் ஸ்கூட்டர், பின்னால் நான், என் மடியில் கேமரா ஸ்டாண்டு. பண்ணைப்புரம் தாண்டி அந்தக் கண்மாய்க்கரை. ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்த ஒருவர் தன் மனைவியிடம், "ரெண்டு பொம்பளையாளுகளும் சூரியனப் புடிக்க வந்திருக்காக" என்று சொன்னது காதில் விழுந்து, படம் ஆடிப்போகும் அளவுக்குச் சிரித்தோம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையிறங்கும் நேரம் அது. சூரியனோ மேற்கே, கேரளா பக்கம் போய்க்கொண்டிருக்கும். "எல்லாரும் வேல முடிஞ்சு கீழ வாராக. இது மட்டும் இப்பத்தான் ஜீப் ஏறுது பாரு" என்பாய். அதிலிருந்து நமக்குள் சூரியன் மறைவதற்கு அதுதான் பெயர். "ஏறிருச்சா?" என்று நான் கேட்பேன். "ஏறிருச்சு" என்பாய். கிளம்பிவிடுவோம்.

வேண்டாமென்று தள்ளிவைத்த படங்களில் உன் விரல்கள் கிடைத்தன. வானத்தின் மூலையில் மங்கலாக ஒரு கட்டைவிரல், இன்னொன்றில் உன் கல் மோதிரம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் விரலையா சுவரில் மாட்டுவது?

கடைசியில் அந்த ஒரு படம் வந்தது. அன்றைக்கு மட்டும் கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டு, உன்னைக் கரைமேல் நிறுத்தினேன். உன் தலை மலைக்கு மேலே போய், கருப்புப் பாதிக்குள் மாட்டிக்கொண்டது. "உக்காருத்தா, மலையவிட ஒசரமா நின்னா மூஞ்சி இருட்டடிக்கும்" என்று கத்தினேன். நீயா உட்காருவாய்? இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மலையவிட நான் ஒசரம்னு இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே, அப்படியே எடு" என்றாய். எடுத்தேன். நாம் எடுத்ததிலேயே நல்ல வானம் அதுதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கருப்பு. "வானம் நல்லாருக்குல்ல, விடு" என்றாய்.

இன்று அந்தக் கருப்பைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தேன். சூரியனைச் சுற்றியிருந்த மஞ்சள் முதலில் போனது. பிறகு சிவப்பு. அதற்குள் உன் பொட்டு தெரிந்துவிட்டது, அப்புறம் பல்வரிசை. சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். படம் புள்ளிபுள்ளியாக இருக்கிறது, ஆனால் நீதான். பின்னால் வானம் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. போனால் போகட்டும். அதைக் காப்பாற்ற எத்தனை பாடுபட்டோம், எனக்கு இன்று உன் முகம் போதும்.

உன் மகளுக்கு அனுப்பினேன். "சித்தி, அம்மா எங்கன நிக்குது? பின்னால ஒண்ணுமே தெரியலையே" என்று கேட்டாள். "மலையவிட ஒசரத்துல" என்று சொன்னேன். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறிக் கண்மாய்க்கரைக்குப் போனேன். கேமரா எடுத்துப் போகவில்லை, மஞ்சள் துணியில் கண்ணாடி மட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும், பழக்கதோஷம், "ஏறிருச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மலையிலிருந்து ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன. கடைசி ஜீப்பும் வந்து ஆட்களை இறக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.