உரக்கடைக்கு வந்த வாயு

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்பு மகள் ஷிஃபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் எல்லாமும் சுகம், ஜெர்மனிக் குளிரில் உன் சுகத்துக்கும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். வயல் குடிக்காத யூரியா எல்லாம் ஆற்றோடு கடலுக்குத்தான் போகிறது, உங்கள் கடை மூட்டையும் அதில் சேர்த்திதான் என்று நீ சொன்னதும் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். நமக்குச் சோறு போட்ட மூட்டையைப் பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று மனசு வலித்தது, இரண்டு மாதமாக உன்னோடு பேசவில்லை.

அதற்குள் உங்கம்மா ஒரு வேலை பார்த்தாள். மகள் வாயுவில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நடவுக்குப் பிளவக்கல் அணை திறந்த நேரம், உரம் வாங்கக் கடையில் நல்ல கூட்டம், பூக்காரி கருத்தம்மாள் உள்ளே வந்து, சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது, உங்கள் மகளிடம் ஒரு மாத்திரை கேட்டுச் சொல்லுங்கள் என்று நிற்கிறாள். அது வயிற்று வாயு இல்லை என்றால், பின்னே எந்த வாயு என்கிறாள். வேறு வழியில்லாமல் நீ சொன்னதையெல்லாம் நானே சொன்னேன். பயிர் எடுத்ததுபோக மிச்ச உரம் தண்ணீரோடு ஓடி, ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்குப் போகிறது, அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயுவாக விடுகின்றன, பெரும்பங்கு காற்றில் ஏற்கெனவே இருக்கிற சாதுவான நைட்ரஜன்தான், கொஞ்சம் மட்டும் சிரிப்பு வாயு, பேர்தான் சிரிப்பு, பூமியைச் சூடாக்குவது அதன் வேலை, அதைத்தான் என் மகள் படகில் போய் பாட்டிலில் பிடித்து அளக்கிறாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்போதுதான் விளங்கியது. கிருமிக்கும் நமக்குள்ள கோளாறுதானா என்று கருத்தம்மாள் சிரித்தாள், கடையே சிரித்தது. யூரியா வாங்க வந்திருந்த கூமாப்பட்டி விவசாயி வேல்சாமி மட்டும் சிரிக்கவில்லை. "பொறவு எதுக்கு பாய், ரெண்டு மூட்டையையும் ஒரே தடவையில போடச் சொன்னீய?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு மூட்டைதான் கொடுத்தேன், மூன்று தடவையாகப் பிரித்துப் போடச் சொன்னேன். நேற்று வந்தார், பயிர் ஒரு குறையும் இல்லாமல் பச்சையாக நிற்கிறதாம்.

அன்றைக்கே உனக்கு போன் போட்டிருக்க வேண்டும், வீம்பு விடவில்லை. அத்தா மனசு நோகுமென்று ஆராய்ச்சியின் தலைப்பையே மாற்றிக்கொள்ளப் போவதாக நீ அழுதாய் என்று நேற்றுத்தான் உங்கம்மா சொன்னாள், உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். மாற்றாதே அம்மா. நீ சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு வலித்தே இருக்காது.

படகில் போகும்போது காதைக் கட்டிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் தருவான். ஒன்று மறக்காதே, உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பேரைப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். வெறும் பேரை மட்டும் போடாதே, கீழே நான் எழுதியிருக்கிறபடியே போடு.

உன் அத்தா,
மைதீன் பிச்சை,
உரக்கடை.